கட்டிக்குள் இருக்கும் மற்ற செல்கள்

மார்பில் கட்டி என்று டாக்டரிடம் போனால் முதலில் விரலால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக, நகராமல் இருந்தால் உடனே மேமோகிராமுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பார். (மெத்தென்று இருந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கட்டியானாலும் காட்டிவிட வேண்டியதுதான்.) அந்தக் கெட்டித்தன்மை பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்களால் வருவதில்லை. விரலில் தட்டுப்படுவது அவற்றைச் சுற்றி மண்டிக் கிடக்கும் கொலாஜன் நார். அதைச் சுரந்து குவித்தவை, பக்கத்திலேயே இருந்த சாதாரணத் திசுச் செல்கள்.

கட்டி முழுக்கப் புற்றுநோய்ச் செல்லே நிறைந்திருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கதை வேறு. நார் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், ரத்தக் குழாய்கள், மேக்ரோபேஜ், டி செல் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் உள்ளே கலந்து கிடக்கும். கணையப் புற்றுநோயில் பல சமயம் கட்டியின் பெரும்பகுதியே இவைதான். புற்றுநோய்ச் செல்கள் நடுவே அங்கங்கே சிறு கூட்டமாகத் தென்படும்.

இவை சும்மா வேடிக்கை பார்க்கின்றனவா, நோயில் பங்கெடுக்கின்றனவா? இந்தக் கேள்விக்குக் கோழிகள் நல்ல பதில் தந்திருக்கின்றன. கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸை நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் 1911-ல் கண்டுபிடித்தார். அதற்கான நோபல் பரிசு 1966-ல்தான் வந்தது. கோழிக்குஞ்சின் இறக்கையில் அந்த வைரஸைச் செலுத்தினால் ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மினா பிஸ்ஸல் என்ற ஆய்வாளரின் குழு, 1980-களில் அதே வைரஸை முட்டைக்குள் வளரும் கருவில் செலுத்திப் பார்த்தது. வைரஸ் செல்களுக்குள் புகுந்தது; அதன் புற்று மரபணு வேலையும் செய்தது. ஆனால் கட்டி வரவில்லை, கரு ஒழுங்காக வளர்ந்தது. அதே செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுச் செல்களாக மாறின. கெட்ட மரபணு உள்ளே இருந்தும், சுற்றியிருந்த திசு அதை அடக்கி வைத்திருந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

அடுத்த சோதனை இன்னும் வியப்பானது. ஒரு இறக்கையில் வைரஸ் செலுத்திய குஞ்சுக்கு மறு இறக்கையில் காயம் உண்டாக்கினார்கள். காயம் பட்ட இடத்திலும் கட்டி வந்தது. காயம் ஆறும்போது உடல் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் பொருளுக்கு இதில் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. பாஸ்டன் நகர நோயியல் வல்லுநர் ஹெரால்ட் ட்வோராக், புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று 1986-ல் வர்ணித்தது இந்தப் பின்னணியில் நன்றாகப் பொருந்துகிறது. கை வெட்டுப்பட்டால் என்ன நடக்கிறது? ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓடிவந்து நார் போடும், புது ரத்தக் குழாய் முளைக்கும், மேக்ரோபேஜ்கள் குப்பையை அள்ளும், பக்கத்துச் செல்கள் பெருகி இடைவெளியை மூடும். மூடியதும் எல்லாம் அடங்கிவிடும். கட்டியில் இதே வேலைகள் அடங்காமல் நடந்துகொண்டே இருக்கின்றன.

நார் முந்திக்கொண்டு வருவதற்கு நம் ஊரிலேயே கண்ணெதிரே ஓர் உதாரணம் இருக்கிறது. பாக்கு மெல்லுகிறவர்களில் சிலருக்கு வாயின் உட்தோல் வெளுத்து, இறுகி, நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாமல் போகும். பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டி நாரைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை இறுக்கிக் கட்டும் நொதிக்கு வலு சேர்க்கிறது. இப்படி வாய் இறுகியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் வாய்ப்புற்று வருகிறது. பழி முழுவதையும் நாரின் தலையில் போட முடியாது, செல்லின் மரபணுவை நேராகக் கெடுக்கும் பொருள்களும் பாக்கில் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது.

அக்கம்பக்கத்துச் செல்கள் கட்டிக்கு உதவுகின்றன என்றால் அவற்றை ஒழித்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. கணையப் புற்றில் நார் அவ்வளவு அடர்த்தி. ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கிடப்பதால் கீமோ மருந்து உள்ளே போய்ச் சேருவதில்லை. 2009-ல் எலிகளில் ஒரு மருந்து கொடுத்து, நார் போடும் செல்களுக்குப் போகும் கட்டளையைத் தடுத்தார்கள். நார் குறைந்தது, கீமோ உள்ளே போனது, எலிகள் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்தன. நம்பிக்கையோடு அதே வகை மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள்.

ஏன் என்பது 2014-ல் வந்த எலி ஆய்வுகளில் தெரிந்தது. நார்ச் செல்களைக் குறைத்த எலிகளில் கட்டி இன்னும் மூர்க்கமாகிவிட்டது. கட்டியை வளர்த்ததாக நினைத்த அதே செல்கள் அதைக் கட்டிப்போட்டும் வைத்திருந்தன! கட்டியை ஒட்டியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் நார் போடுகிறது, சற்றுத் தள்ளியிருப்பது அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது, ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்கிறது என்பது அதற்குப் பிறகு விளங்கியது. இந்தத் துறையின் முழு வரலாற்றிலும் இந்தத் தோல்வியிலிருந்து கற்றதுதான் அதிகம் என்பது என் எண்ணம். இப்போது இந்தச் செல்களைக் கொல்வதை விட்டு, பழைய அமைதி நிலைக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்கிறார்கள். வைட்டமின் டி போன்ற பொருள்களை வைத்துச் சோதனைகள் நடக்கின்றன. அதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். சோதனையில் இருப்பது வேறு, சிகிச்சை வேறு.

நோய் எதிர்ப்புச் செல்களிலும் இதே இரட்டை முகம் உண்டு. மேக்ரோபேஜ் கட்டியை விழுங்க வேண்டியது. பல மார்பகப் புற்றுகளில் அதுவே வளர்ச்சிப் பொருள் கொடுத்து, செல்கள் ரத்தக் குழாய்க்குள் நுழைய வழிகாட்டுகிறது. டி செல் கட்டியைக் கொல்ல வந்தும், அதன் தடுப்புப் பொத்தானைக் கட்டி அழுத்திவிடுவதால் செயலற்று நிற்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் வழிக்குத்தான் ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது.

பரவும் விஷயத்துக்கு வருவோம். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை 1889-ல் அலசினார். கல்லீரலில் 241 பேருக்குப் புற்று பரவியிருந்தது; மண்ணீரலில் 17 பேருக்குத்தான். மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் மட்டும் பரவுவதென்றால் இத்தனை வித்தியாசம் வராது. விதை எங்கும் தூவப்பட்டாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார் அவர். பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மார்பகப் புற்று விரும்பிக் குடியேறும் மற்றோர் இடம் எலும்பு. நம் எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. அங்கே வந்து சேரும் புற்றுச் செல், கரைக்கும் செல்களை மறைமுகமாக முடுக்கிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதில் புதைந்திருந்த டிஜிஎஃப்-பீட்டா வெளியே வருகிறது. அதை உண்டு புற்றுச் செல் இன்னும் வளர்கிறது. இன்னும் எலும்பு கரைகிறது. எலும்புக்குப் புற்று பரவியவர்களுக்குப் போடும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமேப் ஊசிகள் குறிவைப்பது புற்றுச் செல்லை அல்ல, இந்தக் கரைக்கும் செல்லை. எலும்பு முறிவும் வலியும் குறைகின்றன.

ஆனால் ஊசிக்குக் கட்டி இருக்கும் எலும்பு, இல்லாத எலும்பு என்ற வேறுபாடு தெரியாது. எல்லா எலும்பிலும் கரைப்பு வேலை வெகுவாகக் குறைந்துபோகும். தாடை எலும்பில் பல் பிடுங்கிய புண் ஆறுவதற்கும் அந்த வேலை தேவை. அது குறைந்தால் சிலருக்கு எலும்பு வெளியே தெரியுமளவுக்குப் புண் ஆறாமல் போகலாம். அதனால்தான் இந்த ஊசியைத் தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட்டு வரச் சொல்கிறார்கள்.