ரத்தத்துக்குத் தெரியாத மூட்டு

உடலுக்குள் ஒரு பட்டறை – 17

17 விநாடி. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள ஆகும் நேரம். 1960 மே 2 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ராபர்ட் கெட்ஸ் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் அந்த நேரத்துக்குள் ஒருவரின் மார்புச் சுவரில் ஓடும் தமனியை அவருடைய இதயத் தமனியோடு சேர்த்துவிட்டார். மேசையில் படுத்திருந்தவர் 38 வயது டாக்ஸி ஓட்டுநர். மூட்டில் ஊசித் தையல் ஒன்றுகூட இல்லை. டான்டலம் என்ற உலோகத்தில் செய்த ஒரு சின்ன வளையம், அதன்மேல் இழுத்துவிட்ட ரத்தக்குழாய், அதைச் சுற்றிப் பட்டுநூலால் ஒரு கட்டு. வேலை முடிந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். மூட்டு வழியே ரத்தம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் அதன்பின் ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்தார். மனிதருக்கு வெற்றிகரமாகச் செய்யப்பட்ட முதல் இதய பைபாஸ் என்று மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் இன்று குறிப்பிடுவது இதைத்தான். கெட்ஸ் சாதாரண ஆள் இல்லை; அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, ஒட்டகச்சிவிங்கி அத்தனை உயரத்தில் இருக்கும் தன் தலைக்கு எப்படி ரத்தம் ஏற்றுகிறது என்று ஆராய்ந்தவர். ஆனாலும் சக மருத்துவர்களுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கண்டனம் வந்தது. கெட்ஸ் இன்னொரு நோயாளிக்கு அதைச் செய்யவே இல்லை.

இப்போது எந்த ஊரிலாவது பைபாஸ் நடக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பாருங்கள். பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீல நூலால், சுமார் இரண்டு மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி ஒருவர் தைத்துக்கொண்டிருப்பார். ஒரு மூட்டுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். 17 விநாடியில் ஆகும் என்று 1960லேயே காட்டிய பிறகு, ஏன் இன்னும் ஊசி? இந்த வாரக் கதை அதுதான்.

பிளம்பருக்கு இல்லாத கவலை

மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்தால் பிளம்பர் என்ன சொல்வார்? “ஒரு கப்ளிங் போட்டா முடிஞ்சுது சார்.” இரண்டு முனையிலும் சொல்யூஷனைத் தடவி, கப்ளிங்கைச் செருகி, ஒரு திருகு திருகினால் சரி. உள்ளே கொஞ்சம் பிசின் வழிந்திருக்கும், விளிம்பு ஒரு நூல் அளவு துருத்திக்கொண்டிருக்கும். தண்ணீர் அதையெல்லாம் கண்டுகொள்ளாது.

ரத்தம் கண்டுகொள்ளும். ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு பூச்சு இருக்கிறது. ரத்தம் உறையாமல் ஓடுவதற்கான ரசாயனங்களை அது ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். ரத்தம் அந்தப் பூச்சை மட்டும் தொட்டுக்கொண்டு போகும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வெட்டுப்பட்ட விளிம்போ, நாரோ, உலோகமோ எதிர்ப்பட்டால், ‘இங்கே காயம்’ என்று தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். கையில் கத்தி பட்டால் நம்மைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். இரண்டு மில்லிமீட்டர் குழாய்க்குள் அதே குணம் அடைப்பாகிவிடும்.

ஆகவே மூட்டுப் போடுபவருக்கு ஒரே விதி: உட்பூச்சு உட்பூச்சோடு சேர வேண்டும், வெட்டுவாய் வெளியே போய்விட வேண்டும். அப்படி ஒரு மூட்டு நடுவில் வந்தது ரத்தத்துக்குத் தெரியவே கூடாது.

பூத்தையலும் சட்டைக் கையும்

இந்த விதியை ஊசியால் நிறைவேற்றிக் காட்டியவர் அலெக்சிஸ் கரேல். 1894 ஜூன் 24 அன்று பிரான்சின் லியோன் நகரில், அந்நாட்டு அதிபர் சாதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்துவிட்டது. அறுந்த குழாயைத் தைக்கும் வித்தை அன்று யார் கையிலும் இல்லை, அதிபர் இறந்துபோனார். கரேலுக்கு அப்போது 20 வயது, அதே ஊரில் மருத்துவ மாணவர். அந்தச் சாவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே மேடம் லெருதியே என்ற பூத்தையல் கலைஞரிடம் போய், மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார் கரேல். 1902இல் தன் முறையை வெளியிட்டார். வட்டமான குழாய்முனையில் சம இடைவெளியில் மூன்று தையல் போட்டு இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு மூன்று நேர்க்கோடுகளைத் தைப்பதுதான் பாக்கி. வளைவில் தைக்கும்போது எதிர்ச்சுவரும் ஊசியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து போய்விட்டது. நூலில் வாசலைன் தடவிக்கொண்டார், குழாய்ச் சுவரை அறுக்காமல் வழுக்கிக்கொண்டு போக. 1912இல் நோபல் பரிசு வந்தது.

கரேலுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1900இல், எர்வின் பேயர் என்ற ஆஸ்திரியர் வேறு வழியில் அதே விதியைப் பிடித்திருந்தார். முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிடுகிறோமே, அதுதான் அவருடைய வித்தை. மெக்னீசியத்தில் ஒரு சின்ன வளையம். குழாயின் ஒரு முனையை அதற்குள் நுழைத்து, வெளிப்பக்கமாக வளையத்தின்மேல் மடித்துவிட வேண்டும். இப்போது உட்பூச்சு வெளியே வந்துவிட்டது. இன்னொரு முனையை அதன்மேல் இழுத்துவிட்டுக் கட்டினால், உட்பூச்சும் உட்பூச்சும் முகத்தோடு முகம். வளையம் ரத்தத்தின் கண்ணில் படாமல் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். நாளடைவில் உடம்பு மெக்னீசியத்தைக் கரைத்துவிடும். அறுபது ஆண்டு கழித்து பிராங்க்ஸில் கெட்ஸ் எடுத்தது இந்த வழியைத்தான்.

குழாய்க்குள்ளேயே குழாயைச் செருகிப் பார்த்தவர்களும் உண்டு. ராபர்ட் ஆபே கண்ணாடிக் குழலை வைத்தார். முதல் உலகப்போரில் துஃபியே மெழுகு பூசிய வெள்ளிக் குழலைக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தார். ரத்தத்தின் பாதையிலேயே அந்நியப் பொருள் என்பதால், அவையெல்லாம் ஆபத்துக்குப் பாவமில்லை என்கிற ரகம்.

மாஸ்கோவின் ஸ்டேப்ளர், ஜப்பானின் வளையம்

ஊசி ஜெயித்தது, ஆனால் ஊசிக்குக் கை வேண்டும். போர்முனையில் கரேலைப் போன்ற கைகளுக்கு எங்கே போவது? இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு சோவியத் பொறியாளர் வசீலி குடோவ் ரத்தக்குழாய்களுக்கென்றே ஒரு ஸ்டேப்ளர் செய்தார். இரண்டு முனைகளையும் இரண்டு வளையங்களின்மேல் சட்டைக் கைபோல மடித்துவிட்டு, எதிரெதிரே வைத்து அழுத்தினால் சுற்றிலும் டான்டலம் ஊக்குகள் ஒரே நேரத்தில் பாயும். காகிதத்துக்கு ஸ்டேப்ளர் அடிப்பதுபோல, ஆனால் வட்டமாக. 1967இல் லெனின்கிராடில் வசீலி கோலெசோவ் இதய பைபாஸுக்கே ஸ்டேப்ளரைப் பயன்படுத்தினார். ஆனால் சுண்ணாம்பு படிந்து கட்டிதட்டிப்போன தமனியை மடிக்க முயன்றால் பழைய பிளாஸ்டிக்போல விரிசல் விடும். மாரடைப்புக்காரர்களின் தமனிகள் பெரும்பாலும் அந்த ஜாதிதான்.

1962இல் ஜப்பானில் கோமெய் நகயாமா கூர்முனைகள் வைத்த இரண்டு உலோக வளையங்களை அறிமுகப்படுத்தினார். 1986இல் ஸ்வீடனில் ஆஸ்ட்ரூப், பெர்க்ரென் இருவரும் அதைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றி, சுலபமாகக் கையாளும் கருவியாக்கினார்கள். அதன் வாரிசுதான் இன்று உலகமெங்கும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் ‘கப்ளர்’ என்று கேட்டு வாங்கும் கருவி. பெயரில்கூட பிளம்பர் வாடை!

ஆறு முட்கள்

அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வாய்ப் புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப, முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெலிந்த எலும்பிலிருந்து ஒரு துண்டை, அதன் தமனியோடும் சிரையோடும் எடுத்து வந்திருக்கிறார்கள். தோட்டக்கலையில் ஒட்டு கட்டுகிற மாதிரிதான். ஒட்டு பிழைக்க ரத்தம் வந்தாக வேண்டும். தமனியை மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசியால் தைக்கிறார்கள். மிகச் சிறிய குழாய்களுக்கு அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. அடுத்தது சிரை. அங்கேதான் கப்ளர் வருகிறது.

முதலில் சிரையின் விட்டத்தை அளக்கிறார்கள். 1 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை அளவுகள் உண்டு. கருவியின் தலையில் இரண்டு வெள்ளை வளையங்கள், விரித்த புத்தகத்தின் இரு பக்கம்போல இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு எஃகு முட்கள், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு துளை. சிரையின் முனையை வளையத்துக்குள்ளிருந்து இழுத்து, விளிம்பை மடித்து, ஒரு முள்ளில் மாட்டுகிறார்கள். பிறகு அடுத்த முள்ளை விட்டு அதற்கடுத்தது, அப்படியே இன்னொன்று. மூன்று முனையில் மாட்டியதும் அங்கே தெரிவது ஒரு முக்கோணம். கரேலின் முக்கோணம்! மீதி மூன்று முட்களில் மாட்டிவிட்டு, எதிர் வளையத்திலும் அப்படியே செய்து, கைப்பிடியின் குமிழைத் திருகினால் புத்தகம் மூடிக்கொள்கிறது. இந்தப் பக்க முள் அந்தப் பக்கத் துளைக்குள் போகிறது. வளையங்கள் கருவியிலிருந்து கழன்று உடம்பிலேயே தங்கிவிடும். கை பழகியவருக்குச் சில நிமிட வேலை.

உள்ளே என்ன இருக்கிறது? சிரையின் உட்பூச்சு, அவ்வளவுதான். முள், வளையம், வெட்டுவாய் எல்லாம் வெளியே. பேயர் 1900இல் கண்ட விதி அப்படியே நிறைவேறுகிறது. சிரையின் சுவர் மெல்லியது, சொன்னபடி மடியும். தமனியின் சுவர் தடித்தது. மடித்து முள்ளில் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் ஒரே ஆபரேஷனில் தமனிக்கு ஊசியும் சிரைக்குக் கப்ளரும்.

அவசரம் தோற்ற இடம்

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. பைபாஸில் காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையை மகாதமனியில் பொருத்த வேண்டும். தைப்பதற்காக மகாதமனியைக் கவ்வியால் பிடிக்கும்போது, உள்ளே படிந்திருக்கும் கொழுப்புத் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். கவ்வியே இல்லாமல் மூட்டுப் போட முடிந்தால் எவ்வளவு நல்லது! 2001இல் அமெரிக்கச் சந்தைக்கு அப்படி ஒரு கருவி வந்தது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த, தன் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும் நிட்டினால் என்ற உலோகத்தில் செய்த நட்சத்திரம் போன்ற இணைப்பான். மகாதமனியில் ஒரு துளை, அதில் ஒரு அழுத்து, சில விநாடியில் மூட்டு தயார். சர்ஜன்கள் கொண்டாடினார்கள்.

மாதங்கள் போனதும் நோயாளிகள் சிலர் நெஞ்சுவலியோடு திரும்பி வந்தார்கள். மூட்டின் வாயிலேயே குழாய் சுருங்கியிருந்தது. உலோகத்தின் ஒரு பகுதி ரத்தத்தின் பாதையிலேயே நின்றது ஒரு காரணம். சிரை மகாதமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி மடங்கியது இன்னொன்று. நாடித்துடிப்போடு சுருங்கி விரியும் சுவருக்கு நடுவே விறைத்துக்கொண்டு ஓர் உலோகம் இருந்தால், சுவர் தானாகவே தடித்து வளரத் தொடங்கிவிடும் என்பதும் உண்டு. 2004இல் விற்பனை நின்றது. கருவி கவனித்தது சர்ஜனின் கடிகாரத்தை. ரத்தம் கடிகாரம் பார்ப்பதில்லை. தான் உரசிப் போகும் சுவரைத்தான் பார்க்கிறது.

கடிகாரம் உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினையாகும் இடம் மூளை. மூளைத் தமனியைச் சில நிமிடம் அடைத்து வைப்பதே சில நோயாளிகளுக்கு ஆபத்து. நெதர்லாந்தின் உட்ரெக்டில் கொர்னேலிஸ் துல்லெகன் இதற்கொரு வழி கண்டார். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுக் குழாயைப் பிளாட்டினம் வளையத்தோடு தமனியின் வெளிச்சுவரில் தைத்துவிட வேண்டும். பிறகு புதுக் குழாய்க்குள் லேசர் குழலை விட்டு, தமனிச் சுவரில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். கதவைப் பொருத்திவிட்டுப் பிறகு சுவரில் வழி திறப்பதுபோல. கவனித்தீர்களா? அங்கும் வளையத்தைச் சுவரோடு சேர்த்தது ஊசிதான்.

தாடை ஆபரேஷன் முடிந்தவர் வார்டுக்கு வந்துவிட்டார். கப்ளர் வகைகளில் ஒன்றில், வளையத்தோடு ஒட்டிய, ரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் நுண்ணிய டாப்ளர் கருவியும் மெல்லிய கம்பியும் உண்டு. சில நாள் கழித்துக் கம்பியை உருவிவிடுவார்கள். இரவு நர்ஸ் படுக்கையோரப் பெட்டியின் ஒலியைக் கூட்டுகிறார். தென்னந்தோப்புக்குள் காற்று புகுந்து போவதுபோல ஒரு நீண்ட இரைச்சல். சிரையில் ரத்தம் போகிறது. மூட்டு இருப்பது அதற்குத் தெரியவில்லை. நர்ஸ் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார்.

அடுத்த வாரம் இதற்கு நேர்மாறான மூட்டு. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் வேண்டுமென்றே சேர்த்துவிடுவார்கள். மணிக்கட்டில் விரல் வைத்தாலே, பூனையைத் தடவுவதுபோல உறுமலோடு அதிரும் மூட்டு அது.

(தொடரும்)