இரவில் ஒளிரும் கங்கைகொண்ட சோழபுரம்... செல்போனில் அழகாகப் படமெடுப்பது எப்படி?

ராஜேந்திர சோழன் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரை வந்துவிட்டால், அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரம் களைகட்டிவிடும். 2025-ம் ஆண்டு ஜூலை 23 முதல் 27 வரை நடந்த விழாவில் பிரகதீஸ்வரர் கோயிலே மின்விளக்குகளில் ஜொலித்தது. புல்வெளியில் நின்று ஆசையாகப் படமெடுப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால், விமானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு!

ஏன் இப்படி?

படத்தில் பெரும்பகுதி கறுப்பு வானம். ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஏற்கெனவே விளக்கு விழும் கல் அதனால் வெளுத்துப்போகிறது.

இதற்குத் தீர்வு எளிது. திரையில் விமானத்தின் மீது விரலை வைத்து அழுத்துங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் உயரும். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள இந்த விமானமோ உள்வாங்கி வளைந்து உயரும். அந்த வளைவைக் காட்டுவதே நிழல்தான். ஆகவே, இருட்டைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

எந்த நேரம் சரி?

நள்ளிரவு தேவையில்லை. சூரியன் மறைந்த அடுத்த 20, 30 நிமிடங்கள்தான் பொன்னான நேரம். ஆடியில் ஏறக்குறைய 6.40 மணிக்குச் சூரியன் மறையும். கிழக்கு பார்த்த கோயில் என்பதால், நந்தியின் அருகே நின்றால் விமானத்துக்குப் பின்னால் வானம் கருநீலமாக விரியும்.

கவனிக்க வேண்டியவை

* ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில மீட்டர் தூரம்தான் எட்டும்.

* ‘நைட் மோட்’ பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அந்தச் சில விநாடிகள் கை ஆடக் கூடாது. பையைத் தரையில் வைத்து, அதில் போனைச் சாய்த்து, 2 விநாடி டைமர் வையுங்கள். சிற்பங்கள் மீது சாய்க்க வேண்டாம்.

* படத்தில் கோடு கோடாக விழுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ‘ப்ரோ மோட்’ சென்று ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக மாற்றினால் கோடுகள் மறையும்.

* ட்ரைபாட், ட்ரோன் இரண்டுக்கும் தொல்லியல் துறையின் முன் அனுமதி அவசியம். கருவறையில் படமெடுக்கக் கூடாது.

அந்தப் புல்வெளியையும் ஒரு படம் எடுங்கள். அங்கே ஒரு காலத்தில் கோயிலின் திருச்சுற்று இருந்தது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இந்தக் கோயிலில், இன்று விளக்கொளியில் நாம் பார்ப்பது அதில் தப்பி மிஞ்சியதைத்தான்.