நாலரைச் சுற்றும் ஒரு கிணறும்

பெரம்பலூர்ப் பக்கத்துப் பையனுக்கு முதல் விளையாட்டு மைதானம் கிணறுதான். பாறையை வெட்டி இறக்கிய, வீட்டைவிட அகலமான கிணறு. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டுக்கு நடுவே என் மாமாவுக்கு அப்படி ஒன்று இருந்தது. என் இடுப்பில் தாம்புக் கயிற்றைக் கட்டி உள்ளே இறக்கிவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி மோட்டார் கொட்டாய் ஓரமாக நிற்பார். நீச்சல் வந்ததும் கயிறு போனது, பல்டி ஆசை வந்தது. “மாப்ள, குதிச்சதும் ஒடம்பச் சுருட்டிக்க. பாதியில பயந்து விரிச்சிடாத” என்றார். நான் விரித்தேன். தண்ணீர் வயிற்றில் பளாரென்று அறைந்தது. சாயங்காலம்வரை சிவப்பு இறங்கவில்லை. மறுநாளும் போய்க் குதித்தேன்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், செல்போனில் பனிச்சறுக்கு வீடியோ ஒன்றைப் பார்த்தபோது மாமாவின் குரல் மறுபடி கேட்டது.

அதில் குதித்தவர் இலியா மலினின், அமெரிக்கர். பெற்றோர் இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காகச் சறுக்கியவர்கள். 2022 செப்டம்பரில் லேக் பிளாசிட் நகரில் நடந்த போட்டியில், 17 வயதில், அதுவரை போட்டியில் யாருமே முடித்திராத ஒரு குதியை அவர் முடித்தார். அதற்குப் பெயர் குவாட் ஆக்சல். 1882இல் வியன்னாவில் முதன்முதலாக இந்த வகைக் குதியைப் போட்டுக் காட்டிய நார்வேக்காரர் ஆக்சல் பால்சனின் பெயர்தான் அது. மற்ற குதிகளிலெல்லாம் பின்பக்கமாகச் சறுக்கிவந்து எழும்புவார்கள். ஆக்சலில் மட்டும் முன்னோக்கி எழும்பி, பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடிவிடும். நாலு சுற்று நாலரை ஆகிறது.

ஆக்சலில் ஒவ்வொரு சுற்றும் கூட ஆன காலத்தைப் பாருங்கள். ஒன்றரைச் சுற்று 1882இல். இரண்டரைச் சுற்றை 1948 ஒலிம்பிக்கில் டிக் பட்டன் போட்டார். மூன்றரை, 1978இல் கனடாவின் வெர்ன் டெய்லர். பெண்களில் அதை முதலில் சாதித்தவர் ஜப்பானின் மிதோரி இதோ, 1988இல். டெய்லரின் மூன்றரையிலிருந்து நாலரைக்கு வர 44 வருடம் பிடித்தது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய யுசுரு ஹன்யூ, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வலிக்கும் கணுக்காலோடு அதை முயன்று, சுற்று நிறையாமல் விழுந்தார். நாலாமிடம்தான் கிடைத்தது. பத்திரமான குதிகளோடு நிறுத்தியிருந்தால் பதக்கத்துக்கு வாய்ப்பு கூடியிருக்கும். அது தெரிந்தேதான் குதித்தார். எனக்கு மலினினைவிட அந்த விழுந்த மனிதரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

கணக்கு இதுதான். காற்றில் கிடைப்பது ஏறக்குறைய 0.7 விநாடி. அதற்குள் நாலரைச் சுற்று என்றால் விநாடிக்கு ஆறு சுற்றுக்கும் மேல். வீட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் ஓடும் ஓட்டம் அது. காலைத் தூக்கியபின் சுழற்சியைப் புதிதாகச் சம்பாதிக்க வழியில்லை. எழும்பும்போது எடுத்துக்கொண்டதைக் கைகளை மார்போடு இறுக்கி, கால்களைப் பின்னி வேகமாக்கலாம், அவ்வளவுதான். பாதியில் பயந்து விரித்தால் சுழற்சி செத்துவிடும். மாமாவுக்கு இயற்பியல் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. இறங்குவதோ ஒற்றைக் காலில், சில மில்லிமீட்டர் தடிமன் பிளேடின் ஓர விளிம்பில். அந்தக் காலில் உடம்பின் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் வந்து மோதும்.

பயிற்சி எப்படி என்று தேடிப் பார்த்தால், மறுபடி கிணற்றடிதான். சறுக்குபவருக்கு இடுப்பில் பெல்ட் கட்டுகிறார்கள். பயிற்சியாளர் தூண்டில் மாதிரி நீளக் கழியில் அதைக் கோத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே சறுக்கி வருகிறார். குதிக்கும் நொடியில் ஒரு தூக்கு. சில அரங்குகளில் கூரையிலிருந்தே கயிறு இறங்கும், நம் கிணற்று ராட்டினம் போல. அதற்கு முன் வெறுந்தரையில் ஷூ போட்டுக்கொண்டு ஆயிரம் முறை குதிப்பது, இடுப்புக்கு மெத்தைப் பட்டை கட்டிக்கொண்டு விழப் பழகுவது என்று வருடங்கள் போகின்றன. இதில் ரகசியம் என்று ஒன்றுமில்லை. ஆபத்தில்லாமல் விழ ஓர் இடம் வேண்டும், அவ்வளவே.

அந்த இடம்தான் நம்மிடம் இல்லை. தாரா பிரசாத் தமிழ்க் குடும்பத்துப் பெண். பனிச்சறுக்கில் இந்தியாவின் தேசிய சாம்பியன் ஆனவர். 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாவதாக வந்தார். பிறந்ததும் பழகியதும் அமெரிக்காவில். டேராடூனில் 2011இல் கட்டிய பனி அரங்கம் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மறுபடி திறந்தது. பனி கிடக்கட்டும், சக்கரம் இருக்கிறதே என்று கிளம்பிய சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், அதே 2025இல் சீனாவில் நடந்த ரோலர் ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வாங்கினார்.

எங்கள் பக்கத்து அரியலூரிலும் இதே கதைதான். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்ட கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். சிமென்ட் லாரி ஓடும் ஊரிலிருந்து அவர் கோவில்பட்டி விளையாட்டு விடுதிவரை போய்த்தான் ஹாக்கியில் தேற முடிந்தது. போக முடியாதவர்கள் எத்தனை பேரோ.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பனி அரங்கம் கேட்டால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நான் கேட்பது அதுவல்ல. இரண்டு மாவட்டத்து விளையாட்டு அரங்கிலும் கூரை போட்ட ஒரு மூலை, பஞ்சு நிரப்பிய ஒரு குழி, மேலே ஒரு ராட்டினம், கயிறு, பெல்ட், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளர். ஜிம்னாஸ்டிக்ஸோ, நீளம் தாண்டுதலோ, கோலூன்றித் தாண்டுதலோ, எதற்கு வந்த பிள்ளையும் அங்கே விழுந்து பழகலாம். போர்வெல் வந்தபின் கிணறுகள் தூர்ந்துகொண்டிருக்கின்றன. மீதமிருப்பவற்றில் பிடிக்க ஆளில்லாமல் குதித்துப் பிள்ளைகள் சாகிறார்கள். அடுத்த கோடை விடுமுறைக்குள் இதையாவது செய்துகொடுங்கள்.