ஒற்றைக் கம்பியா, பல இழையா?
ஸ்பீக்கர் வயரில் மாறுவது இசை அல்ல. வயரின் ஆயுளும் வாங்குபவரின் செலவும்தான்

மும்பையின் லாமிங்டன் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறியும் பழைய பெயரை யாரும் விட்டபாடில்லை. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் பேரம் பேசி முடித்து, கடைசியில் வயர் கேட்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைச் செம்புக் கம்பியே போதும் என்கிறது ஒரு கட்சி. இழை கூடக்கூட இசை இனிக்கும் என்கிறது மறு கட்சி. ஸ்பீக்கரைவிட விலை கூடிய வெளிநாட்டு வயர்களும் சந்தையில் உண்டு.

இழைக் கட்சியின் பிரதான ஆயுதம் 'ஸ்கின் எஃபெக்ட்'. அதிர்வெண் உயர உயர, மின்சாரம் கம்பியின் நடுப்பகுதியை விட்டு விளிம்பை நாடும் என்பது விஞ்ஞான உண்மை. ஆனால் எவ்வளவு? செம்பில் 50 ஹெர்ட்ஸில் அது ஊடுருவும் ஆழம் 9 மில்லிமீட்டருக்கும் அதிகம். மனிதக் காதின் உச்ச வரம்பான 20,000 ஹெர்ட்ஸிலும் சுமார் 0.47 மி.மீ. இருக்கிறது. 1 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பியின் ஆரமே 0.56 மி.மீ.தான். ஆக, மின்சாரம் ஏறக்குறைய முழுக் கம்பியையும் பயன்படுத்திக்கொள்கிறது.

அப்படியே பாதிப்பு இருந்தாலும், சாதாரண இழை வயர் அதற்கு மருந்தல்ல. இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரத்தின் பார்வையில் அது ஏறத்தாழ ஒரே தடித்த கம்பி. ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியே காப்புப் பூச்சு தந்து முறுக்கினால்தான் பலன். 'லிட்ஸ்' எனப்படும் அந்த வயர், மீடியம் வேவ் ரேடியோவின் ஏரியல் சுருள்களில் வேலை செய்கிறது. அங்கே அதிர்வெண் லட்சக்கணக்கில்.

காதுக்கு எட்டக்கூடிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: வயரின் தடிமனிலும் நீளத்திலும். 1 சதுர மி.மீ. செம்பு வயரை 10 மீட்டர் இழுத்தால், போக வர 20 மீட்டர். மின்தடை சுமார் 0.35 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பெரிய விஷயமல்ல. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மி.மீ.க்கு மாறுவது நல்லது, தடை 0.14 ஓமாக இறங்கும். அது ஒற்றைக் கம்பியா, நூறு இழையா என்பதைப் பற்றி ஸ்பீக்கருக்குக் கவலையில்லை.

அப்படியானால் இழை வயர் எதற்கு? விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்கு ஒலி அமைப்பவர்களுக்கு இதற்கு விடை தெரியும். தினமும் விரித்து, சுருட்டி, மிதிபட்டு, மறுபடி விரிக்கும் வயரில் ஒற்றைக் கம்பி தாங்காது. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உள்ளுக்குள் முறிந்துவிடும். வெளியே காப்புறை முழுசாக இருப்பதால் முறிந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆரத்தி முடிந்துவிடும். மைக், கிடார் வயர்களில் எப்போதும் இழைகள் இருப்பதற்கு இதுதான் காரணம். சுவருக்குள் பதித்து, பிறகு தொடவே போவதில்லை என்றால் ஒற்றைக் கம்பி தாராளம்.

இழை வயருக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஆம்ப்ளிஃபயர் முனையில் திருகும்போது ஓர் இழை பிசிறி பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பலியாகலாம். நுனிக்கு ஒரு லக் போட்டு அழுத்திவிட்டால் தொல்லை இல்லை.

உண்மையில் ஏமாறும் இடம் இழைக் கணக்கில் இல்லை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த வயர், பார்வைக்கு அசல் செம்பு. ஆனால் மின்கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதே தடிமனுக்குத் தடை ஒன்றரை மடங்கு. மடக்கினால் சீக்கிரம் ஒடியும். ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் குட்டு வெளிப்படும்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் எடுத்தாலும் எடை குறைவு.

பாட்டைக் கேட்டு வயரை எடைபோடுவதைவிட, பிளேடு மலிவு, நம்பகமும் கூட.