பன்னிரண்டா, பதின்மூன்றா?

ஒன்பது அடி பூல் மேசையில் ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். வெள்ளைப் பந்து நட்டநடுவில் போய் நின்றுகொண்டால் என் உயரத்துக்கு எட்டாது. ஒரு காலாவது தரையில் பட வேண்டும் என்பது விதி. மேசைமேல் கவிழ்ந்து தொங்கினால் ஃபவுல். ரெஸ்ட் வைத்து ஆடலாம். ஆனால் ரெஸ்ட்டைத் தொட்டாலே என் கை ஒரு ஊர், கண் ஒரு ஊர். அதனால் 58 அங்குலக் கியூவின் அடியில் இன்னொரு 8 அங்குலம் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்னூக்கர்காரர்களுக்கு இது பழைய சங்கதி. அவர்கள் மேசை 12 அடி. பல ஸ்னூக்கர் கியூக்கள் அடியில் பித்தளை மரையோடுதான் வரும். ‘மினி பட்’ என்ற குட்டித் துண்டைத் திருகிக்கொண்டால் போதும். பூல் கியூக்களிலும் விலை கூடிய சிலவற்றில் இந்த வசதி உண்டு. என்னுடையதில் ரப்பர் மட்டும்தான் இருந்தது.

முதலில் அந்த ரப்பரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பல கியூக்களில் உள்ளே எடை போல்ட் ஒன்று இருக்கும். நீளமான ஆலன் கீ விட்டுத் திருகினால் வந்துவிடும். அது கழன்ற பிறகு தெரிவது மரத்திலேயே வெட்டிய மரை. அதற்கு ஒத்துப்போகும் எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் கியூவில் கைவைக்கவே வேண்டாம். வேலை அங்கேயே முடிந்தது. எனக்கும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

என் கியூவின் துளை அரை அங்குலம், கடைக்காரர் கணக்கில் 4 நூல். ஹார்டுவேர் கடையில் 4 நூல் போல்ட் ஒன்று வாங்கி வந்து, அதன் தலையை அறுத்துவிட்டு எக்ஸ்டென்ஷனில் பொருத்தலாம் என்று திட்டம். போல்ட் மூன்று சுற்று நன்றாகப் போனது. நான்காவது சுற்றில் இறுகியது. மரம்தானே, கொஞ்சம் முறுக்கினால் வழிவிடும் என்று ஸ்பேனர் போட்டேன். வழிவிட்டது. உள்ளே இருந்த மரை பொடியாகக் கொட்டியது.

கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லேத்துக்காரர் துளைக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இதை யாரு முறுக்குனது?”

“நான்தானுங்க.”

“மரை எத்தனைன்னு பாத்தீங்ளா?”

பிட்ச் கேஜை எடுத்துக் காட்டினார். நம்மூரில் கிடைக்கும் அரை அங்குல போல்ட் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் கணக்கு: அங்குலத்துக்கு 12 மரை. கியூவில் இருந்தது அமெரிக்கக் கணக்கு: 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மூன்று சுற்று வரை கைக்கும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், 3 நூலில் இரு கணக்குக்கும் 16 மரை, இரண்டரை நூலில் இரண்டுக்கும் 18. இந்த 4 நூலில்தான் பிரிகிறார்கள். நான் சரியாக அங்கே போய் விழுந்தேன்.

மரத்தில் மரை போய்விட்டால் பித்தளை புஷ் இறக்குவதுதான் வழி. இதை வீட்டில் கை டிரில்லால் செய்யாதீர்கள். துளை அரை டிகிரி சாய்ந்தாலும் 8 அங்குல எக்ஸ்டென்ஷனின் நுனி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் விலகிவிடும். பின்கை ஒரு கோட்டில் போகும், கியூ வேறு கோட்டில் போகும்.

லேத்தில் பிடிப்பதுதான் பாதி வேலை. கியூவின் அடிக்கட்டை கூம்பு. அடியில் 31 மில்லிமீட்டர் இருப்பது ஜாயின்ட் பக்கம் போகப் போக மெலிந்துவிடும். சக்கின் தாடைகள் நேரடியாகக் கவ்வினால் ஒரே இடத்தில்தான் பிடிக்கும், பாலிஷும் காயப்படும். லேத்துக்காரர் நைலானில் ஒரு வளையம் கடைந்து, உட்புறத்தைக் கியூவின் சாய்வுக்கே கடைந்து, ஒரு பக்கம் பிளந்துவிட்டார். கட்டையை ஸ்பிண்டில் துளைக்குள் விட்டு, பின்னால் நீண்ட ஜாயின்ட் முனை அலையாமலிருக்க அங்கே ஒரு மர புஷ் செருகினார். சின்ன லேத்துகளின் ஸ்பிண்டிலில் இந்தக் கட்டை நுழையாது, போகும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டயல் கேஜ் வைத்துத் தட்டித் தட்டிச் சரிபார்த்தார். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. துளை போட்டது பத்து நிமிடம்.

அதையும் டிரில் பிட்டால் போடவில்லை. பழைய துளை மையம் தப்பியிருந்தால் பிட் அந்தத் தப்பின் பின்னாலேயே போகும். போரிங் டூலால், குறைந்த வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி 14.2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். புஷ் 14 மில்லிமீட்டர் விட்டம், 35 நீளம். அந்த 0.2 பசைக்கான இடம். புஷ்ஷின் வெளிப்புறம் சுற்றிலும் பள்ளங்கள், அவற்றோடு காற்று வெளியேற நெடுக்காக ஒரு வரி. உட்புறம் முதல் 10 மில்லிமீட்டர் வழவழப்பு, அதற்கப்புறம்தான் 3 நூல் மரை. எக்ஸ்டென்ஷனின் தண்டு அந்த வழவழப்பில் உட்கார்ந்து நேராகும். 10 மில்லிமீட்டர் மரை மட்டும் பிடிப்பதால் ஆறு சுற்றில் இறுகிவிடும். ஆட்டத்தின் நடுவில் இருபது சுற்று திருகிக்கொண்டு நிற்பவரை எதிராளி எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

பசை, மெதுவாகக் காயும் எபாக்சி. ஐந்து நிமிடப் பசை வேண்டாம். மரையில் மெழுகு தடவிய போல்ட்டில் புஷ்ஷைத் திருகி, அந்த போல்ட்டை டெயில்ஸ்டாக்கில் பிடித்தபடி உள்ளே தள்ளி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். மறுநாள் அடிமுகத்தை மயிரிழை அளவு கடைந்து சமப்படுத்தினார். புஷ் அந்த முகத்தைவிட ஒரு துளி உள்ளடங்கியே இருக்க வேண்டும். மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும், தாங்குவது முகம். முகத்தோடு முகம் சேராவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கியூ கிர்ரென்று முனகும்.

எக்ஸ்டென்ஷனுக்கு அலுமினியக் குழாய் போதும், எடை 100 கிராமுக்குள் இருக்கட்டும். என் கியூ 540 கிராம்; சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 47 சென்டிமீட்டரில். 100 கிராம் எக்ஸ்டென்ஷன் மாட்டியதும் அது 9 சென்டிமீட்டர் பின்னால் வந்துவிடுகிறது. அதனால் பிடியையும் பின்னால் நகர்த்த வேண்டும். பழைய இடத்தில் பிடித்தால் கியூவின் நுனி மேலே தூக்கும். எக்ஸ்டென்ஷன் இல்லாதபோது கவலையில்லை. கழற்றிய எடை போல்ட்டும் உள்ளே போன புஷ்ஷும் ஏறக்குறைய ஒரே எடை.

மிச்சம் ரப்பர். அதன் நடுவில் துளையிட்டு 3 நூல் போல்ட் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டிக்கொண்டேன். வாங்கும் முன் கடைக்காரரிடம் மரை கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். “3 நூலுக்கு எதுக்குங்க கேஜ்?” என்றார்.