கணினிக்குள் ஒரு குடும்ப மரம்

ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் மரம் என்றால் ரப்பரும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். கணினியிலும் மரம் உண்டு. ஆனால் அது தலைகீழ் மரம். வேர் உச்சியில், இலைகள் அடியில். மேனேஜருக்குக் கீழே கிராணி, மண்டோர், தொழிலாளர் என்று பிரிந்து வருவதைப் போன்றது. ஆர்தர் கெய்லி என்ற கணித அறிஞர் 1857ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்பை மரம் என்று அழைத்து எழுதினார்.

எங்கள் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் வம்சத்தைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதினாள். பாட்டி, பிள்ளைகள் நால்வர், பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டியில் அவர் பெயரும் அவருடைய பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும். மொத்தம் எத்தனை பேர் என்று பாட்டியைக் கேட்டால், அவர் தமக்கு ஒன்று வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளிடமும் அதே கேள்வியைக் கேட்பார். அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கேட்பார்கள். பிள்ளையில்லாதவர் 'ஒன்று' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். விடைகள் கூடிக் கூடி மேலே வரும். ஒரே கேள்வி, எத்தனை தலைமுறைக்கும் போதும்!

ஆனால் கணக்கு முடியவே இல்லை. சுமார் ஆயிரம் படி இறங்கியதும் கணினி பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. நம் வழக்கப்படி மூத்த பேத்திக்குப் பாட்டியின் பெயரையே வைத்திருந்தார்கள். பேத்தியைத் தேடிய கணினி மறுபடியும் பாட்டியிடமே போய்ச் சுற்றியது. அடையாளக் கார்டைப் போல ஆளுக்கு ஓர் எண் கொடுத்ததும் 13 என்று சரியாக வந்தது.

அப்புறம் தீபாவளிக்குத் துணி எடுக்க, உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாள். காலமான இரண்டாவது மாமாவின் எண்ணைப் பாட்டியின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். விடை 9.

பாட்டிக்குக் கணினி தெரியாது, கணக்குத் தெரியும். "செத்தது என் மகன் ஒருத்தன். அவன் பிள்ளைங்க மூணு பேரு எங்கடி?" என்றார்.

கேள்வி நியாயமானது. அந்த மூவருக்கும் போக இருந்த ஒரே வழி அவர்களுடைய அப்பாவின் பெட்டிதான். அதற்குரிய இணைப்பை வெட்டியதும் பெட்டிகள் இருந்தும் அவர்களை எட்ட முடியவில்லை. ஆகவே மாமாவின் எண்ணை மீண்டும் சேர்த்து, அவர் பெட்டியில் 'காலமானார்' என்ற குறிப்பை மட்டும் வைத்தோம். அக்குறிப்பு உள்ளவர் தமக்குச் சுழியம் போட்டுக்கொள்வார். பிள்ளைகளை மட்டும் கேட்டுச் சொல்வார். இம்முறை 12 வந்தது. பாட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.