இரண்டு மணி நேரக் கணக்கு

குழந்தை அழும் சத்தம் கேட்டதும் வெளியே நிற்பவர்களுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். ஆனால் தாய்க்கு ஆபத்து கூடும் நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை பந்துபோல் இறுகினால்தான் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் உதிரம் நிற்காது. கவனிக்க ஆளில்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தாயை இழக்க நேரிடலாம். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்த அவகாசம்கூட இல்லை.

தடுக்கும் வழி எளியது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. பிறகு வயிற்றில் கைவைத்து, கருப்பை இறுகியிருக்கிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மருந்து, குளிர்பெட்டி, பழகிய கை மூன்றும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். பழைய மருத்துவச்சிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வயிற்றைத் தடவியே பிள்ளையின் தலை எங்கே என்று சொன்னவர்கள் அவர்கள். இந்த ஊசியும், அதற்கும் நிற்காதபோது ஏற்றுவதற்கு ரத்தமும்தான் அவர்களிடம் இல்லை.

தமிழ்நாடு இந்த இடைவெளியைப் பெருமளவு அடைத்திருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே பணிபுரியும் கிராம சுகாதார செவிலியரை ஊரார் ‘நர்சம்மா’ என்பார்கள். யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்துப் போட்ட பிறகு, நள்ளிரவில் இடுப்புவலி எடுத்து வருகிறவளுக்கும் கதவு திறந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 100 பிரசவங்களில் 99க்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அவற்றில் சுமார் 45 அறுவைசிகிச்சை என்பது தனியே எழுத வேண்டிய கவலை.

மலைக்குப் போனால் கணக்கு மாறுகிறது. வண்டி ஏறாத குக்கிராமத்தில் பனிக்குடம் உடைந்தால், டோலி கட்டித் தூக்கிக்கொண்டு சாலைவரை இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். இதற்காகத்தான் பிரசவத் தேதிக்கு முன்பே கீழே வந்து தங்க, மலையடிவார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் அமைத்தார்கள். நல்ல யோசனை. ஆனாலும் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பத்து நாள் கீழே தங்கினால் பத்து நாள் கூலி போகும். ஆட்டை யார் ஓட்டுவது, மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

அந்த அறையில் மூத்த பிள்ளைக்கும் கூடவரும் மாமியாருக்கும் பாயும் சாப்பாடும் வேண்டும், போன கூலிக்கு ஈடும் வேண்டும். எட்டாம் மாதப் பரிசோதனையில் எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கும்போதே, வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நர்சம்மா கேட்டு எழுதிக்கொள்ளலாம்.